நானூறு கிலோ ஆசை

பி.காம். படித்தவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. சொந்தக்காரர்களில் யார் கடன் வாங்கினாலும் கூப்பிட்டு அனுப்புவார்கள். வட்டிக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஜாமீன் கையெழுத்து கேட்காத வரைக்கும் எனக்கும் ஆட்சேபணை இல்லை. நகைக் கடன், டிராக்டர் கடன், ஏலச்சீட்டுத் தள்ளுபடி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் 2025 ஜூன் மாதம் ஆம்பூரிலிருந்து என் தங்கை வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்ட கணக்கு, இதுவரை யாரும் கேட்காதது.

"மச்சான், ஒரு ஹார்லி டேவிட்சன் வருது. செகண்ட் ஹேண்ட். எலெக்ட்ரா கிளைட். பதினெட்டு சொல்றாரு. என்கிட்ட பதினொண்ணு இருக்கு. மீதிக்கு மாசம் எவ்ளோ கட்டணும்?"

"பதினெட்டாயிரத்துக்கு எதுக்கு மாப்ளே லோனு?"

"லட்சம் மச்சான்."

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாகுமெண்ட் செக்ஷன். பதினான்கு வருஷ சர்வீஸ். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் அவர் கையால்தான் போகும். அவர் அனுப்பிய பெட்டிகள் ஹாம்பர்க் போயிருக்கின்றன, ராட்டர்டாம் போயிருக்கின்றன, நியூயார்க் போயிருக்கின்றன. மாப்பிள்ளை? கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூரு, வடக்கே திருப்பதி, தெற்கே திருவண்ணாமலை. அவ்வளவுதான் அவருடைய பூகோளம். சம்பளம் கைக்கு 48 ஆயிரம். பதினோரு லட்சம் எங்கிருந்து வந்தது என்றால், அவர் அப்பா வழி மனையை விற்றதில் பாகம்.

போனை வைத்த ஐந்தாவது நிமிஷம் தங்கச்சி.

"அண்ணா, இவரு கேட்டாருன்னா முடியாதுன்னு சொல்லு. கூடச் சேர்ந்து நீயும் ஆடாத. பாப்பா அடுத்த வருஷம் பிளஸ் ஒன்."

கணக்கு என்று வந்துவிட்டால் நான் யார் பக்கமும் இல்லை. ஏழு லட்சம், 13 சதவிகிதம், ஐந்து வருஷம் என்று போட்டால் மாசம் 15,900 சொச்சம். மொத்த வட்டி மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். அதாவது வட்டியிலேயே ஒரு புது புல்லட்டை வாங்கி வாசலில் நிறுத்தலாம். இதைச் சொன்னேன். மாப்பிள்ளை, "சரி மச்சான், ஞாயித்துக்கெழம வண்டிக்காரர் பிரியாணி சாப்பிட ஆம்பூர் வர்றாரு, நீங்களும் வாங்க" என்றார். பிரியாணி என்று சொன்ன பிறகு எப்படி மறுப்பது?

சென்னை–பெங்களூரு ஹைவேயில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஏழரை, எட்டு மணிக்கு பெங்களூரிலிருந்து கூட்டமாக வருவார்கள். பத்துப் பதினைந்து பெரிய பைக்குகள். உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலும் ஹெல்மெட்டுமாக, விண்வெளிக்குப் புறப்பட்டவர்கள் வழி தவறி வாணியம்பாடிக்கு வந்துவிட்டது போல இருக்கும். ஆம்பூரில் சீரக சம்பா பிரியாணி, கத்தரிக்காய், தயிர் வெங்காயம். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள். டோல்கேட்டில் கார்க்காரர்கள் பணம் கட்டிக்கொண்டிருக்க, இவர்கள் ஓரமாகப் புகுந்து போவார்கள். டூவீலருக்கு டோல் கிடையாது அல்லவா! ஐம்பதாயிரம் ரூபாய் மொபெட்டுக்கும் முப்பது லட்ச ரூபாய் ஹார்லிக்கும் அந்த ஓரச் சந்து ஒன்றுதான். நம் நாட்டில் சமதர்மம் இருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று.

விண்ணமங்கலம் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் (ஞாயிறு ஓவர்டைம் உண்டு) மாப்பிள்ளை இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அங்கேதான் ஆரம்பம்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. ஹார்லி எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள், 45 டிகிரி கோணத்தில் வி எழுத்து மாதிரி. இரண்டு பிஸ்டனும் கிராங்கில் ஒரே பின்னைப் பிடித்துக்கொண்டு ஆடுகின்றன. அதனால் வெடிப்பு சம இடைவெளியில் வராது. முதல் வெடிக்கும் அடுத்ததற்கும் 315 டிகிரி, அதற்கடுத்ததற்கு 405 டிகிரி. நொண்டி நடை. நின்றுவிடுமோ என்று நமக்குத் தோன்றும், நிற்காது. அமெரிக்காவில் இதை 'பொட்டேட்டோ... பொட்டேட்டோ...' என்று சொல்வார்கள். தமிழில் 'உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு' என்று சொல்லிப் பார்த்தேன், வண்டி ஆஃப் ஆகிவிடும் போலிருக்கிறது. 1994-ல் இந்தச் சத்தத்தையே டிரேட்மார்க் ஆகப் பதிவு செய்யக் கம்பெனி மனுப் போட்டது. மற்ற கம்பெனிகள் சண்டைக்கு வர, 2000-ல் போதும் என்று விட்டுவிட்டது. தப்பித்தோம். இல்லையென்றால் நம்மூர் மாவு மில்காரர்கள் எல்லாம் ராயல்டி கட்டியிருக்க வேண்டும்.

பெயரையும் பார்த்துவிடலாம். 1903-ல் மில்வாக்கி நகரத்தில் ஆரம்பித்த கம்பெனி அது. அவர்களுடைய பெரிய வண்டிக்கு 1949-ல் முன்பக்கம் எண்ணெய் அடைத்த ஃபோர்க் வந்தது. ஹைட்ரா கிளைட் என்று பெயர் வைத்தார்கள். 1958-ல் பின்பக்கமும் ஷாக் அப்சார்பர் வந்தது, டூயோ கிளைட். 1965-ல் பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆனது, எலெக்ட்ரா கிளைட். அதுவரை 1200 சி.சி. எஞ்சினைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்கள்! பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு உதைத்தாலும் சில நாள் கிக்கர் திருப்பி அடிக்கும். 350 சி.சி.க்கே அந்தக் கதி. 1969-ல் ஹேண்டில்பாருக்கு முன்னால் வவ்வால் இறக்கை மாதிரி ஒரு காற்றுத் தடுப்பு வந்தது. வெகுகாலம் அந்த முகத்தைப் பெரிதாக மாற்றவில்லை. பெட்ரோல் டேங்க் 22 லிட்டருக்கு மேல். பின்னால் உட்காருகிறவருக்குச் சாய்மானம், கை வைக்க மேடை. கால் வைக்கக் கம்பி இல்லை, பலகை. சுருக்கமாக, வீட்டு ஹாலில் இருக்கும் சோபாவுக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே நானூறு கிலோமீட்டர் ஒன்றுமே இருக்காது. அங்கே இப்படி ஒன்று தேவைப்பட்டது, செய்தார்கள். இந்தியாவுக்கு வந்த ஹார்லி என்ன செய்தது தெரியுமா? ஷேர் ஆட்டோ ஓட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஹார்லிகளை வாங்கி, பின்பக்கம் வெட்டி, இரண்டு சக்கரத்தோடு பெட்டி கட்டி, பழைய தில்லியில் சவாரி ஏற்றினார்கள். 'பட்பட்டி' என்று பெயர். 1990-களின் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் ஒரு ஆள் சொகுசாகப் போன வண்டியில் இங்கே அரை டஜன் பேர் ஆபீஸ் போயிருக்கிறார்கள். இதில் எந்த நாடு அந்த வண்டியை நன்றாகப் பயன்படுத்தியது என்று கேட்டால், என் ஓட்டு தில்லிக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வண்டியும் வந்தது. பிரியாணிக் கடை வாசலில் நிறுத்திய அரை நிமிஷத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கைலி கட்டிய ஒரு பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இந்திய தேசத்தின் நிரந்தரக் கேள்வியைக் கேட்டார்: "இன்னா சார், எவ்ளோ குடுக்கும்?"

ஓனர் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தியவர். ஐம்பது வயது தாண்டியவர், நல்ல மனுஷர். "ஹைவேயில் பதினேழு" என்றார்.

பெரியவர் வண்டியைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? வண்டியைப் பார்க்கவில்லை. நேராக ஓனரின் ஜாக்கெட்டைப் பிடித்து, கட்டை விரலால் நீவி, மடிப்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார். "மாட்டுத் தோலு சார். ஃபினிஷ் நல்லா இருக்கு. ஆனா இந்த எடத்துல தையல் நெருக்கம் பத்தாது." அப்புறம் பக்கவாட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "பெட்டி லெதர் இல்லியா? பிளாஸ்டிக்கா?" பதினெட்டு லட்சத்தில் தோலே இல்லை என்பதை ஆம்பூர்க்காரரால் ஜீரணிக்க முடியவில்லை. பைக்குக்கும் தோலுக்கும் உள்ள உறவு பழசு. நியூயார்க்கில் ஷாட் என்பவர் 1928-ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக ஜிப் வைத்த தோல் ஜாக்கெட் தைத்தார். அதை முதலில் விற்றது ஒரு ஹார்லி டீலர்தான். விலை ஐந்தரை டாலர். கீழே விழுந்து உரசினால் தன் தோல் போவதற்குப் பதில் மாட்டின் தோல் போகட்டும் என்கிற எண்ணம்தான், ஸ்டைல் எல்லாம் பிற்பாடு வந்தது.

ஓனர் மூக்கைச் சுருக்கினார். "வாட் இஸ் திஸ் ஸ்மெல்?"

"அது எங்க சம்பள வாசன சார்" என்றார் மாப்பிள்ளை.

சிரித்தோம். ஆனால் அவர் ஜோக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கத்திலேயே பாலாறு. தோல் கழிவைப் பற்றி சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தினவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்றது. அந்த நஷ்ட ஈடு, சுத்தம் செய்யும் வேலை எல்லாம் முடியாமல், 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் அதே கோர்ட் இதே ஆற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை விற்ற மனை, ஒரு காலத்தில் அவர் தாத்தாவின் தென்னந்தோப்பு. கிணற்றுத் தண்ணீர் கெட்டு, தென்னை போய், தோப்பு பிளாட் ஆனது. அந்தப் பணம்தான் இந்தப் பதினோரு லட்சம். இதை நான் தங்கச்சியிடமும் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

வண்டிக்கு வருவோம். சுமார் நானூறு கிலோ. புல்லட்டைப் போல இரண்டு பங்கு. மாப்பிள்ளை ஐந்தடி நாலு அங்குலம். கால் எட்டாது என்று நான் உள்ளூர நம்பியிருந்தேன். எட்டியது! ஹார்லி சீட் புல்லட்டை விடத் தாழ்வு. இரண்டு பாதமும் தரையில் பதிய, ராஜா மாதிரி உட்கார்ந்தார். எடை எல்லாம் கீழே இருப்பதால், கிளம்பிவிட்டால் கனமே தெரியாது என்றார் ஓனர். நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் தெரியுமாம். இன்னொரு விஷயமும் சொன்னார்: ரிவர்ஸ் கியர் கிடையாது. ஹோண்டாக்காரன் கோல்டு விங்கில் 1988-லேயே ரிவர்ஸ் வைத்துவிட்டான். ஹார்லிக்காரருக்குக் காலால் தள்ளுவதுதான் ரிவர்ஸ். சரிவில் மூக்கை இறக்கி நிறுத்திவிட்டால், எடுக்க நாலு பேர் வேண்டும். ஆம்பூரில் நாலு பேருக்கு எப்போதும் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்.

பின் சீட்டில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி வரை போய்த் திரும்பினார்கள். அடுத்தது நான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,500 சுற்றுக்குப் பக்கத்தில் அரைத்தூக்கத்தில் ஓடுகிறது. காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. சாலையில் இருந்த ஒட்டுப் பள்ளம் எதுவும் முதுகுக்கு வந்து சேரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, சொகுசுதான். ஆனால் சிக்னலில் நின்றபோது, பின் சிலிண்டர் சூட்டில் தொடை இட்லிப் பானை மேல் வைத்த மாதிரி இருந்தது. ஜூன் மாத வேலூர் வெயிலை மில்வாக்கியில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை இறங்கியதும் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். "மச்சான், வேலையில்லாம ஒரு எடத்துக்குப் போறது எப்படி இருக்கும்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சுது."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் பக்கம் டூவீலரில் நெடுந்தூரம் போகிறவர்கள் நிறைய. டிவிஎஸ் ஐம்பதில் முன்னும் பின்னும் மூட்டை கட்டிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போவார்கள். ஷிஃப்டுக்கு முப்பது கிலோமீட்டர் வருவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரே நாளில் மூன்று மாவட்டம் சுற்றுவார்கள். ஒருத்தருக்கும் சும்மா போன அனுபவம் இல்லை. எலெக்ட்ரா கிளைட் விற்பது அந்தச் 'சும்மா'வைத்தான். அதற்குத்தான் இவ்வளவு விலை.

விலையில் பாதி கஸ்டம்ஸ் சமாச்சாரம், என் சப்ஜெக்ட். அமெரிக்காவுக்கு நம் மாம்பழத்தைப் பதினெட்டு வருஷமாக அனுமதிக்காமல் இருந்தார்கள். 2007-ல் ஒரு பேரம் முடிந்தது: உங்கள் மாம்பழம் வரட்டும், எங்கள் ஹார்லி போகட்டும். மாம்பழத்துக்கு மோட்டார் சைக்கிள்! கிருஷ்ணகிரித் தோப்புக்காரர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் லாரியில் பழத்தோடு ஷோரூம் வாசலுக்கே போயிருப்பார்கள். வண்டி வந்தது, கூடவே இறக்குமதி வரியும் வந்தது. 2011-ல் ஹரியானாவில் பாவல் என்ற இடத்தில் பூட்டிப் பொருத்தும் ஆலை போட்டார்கள். 2018 பிப்ரவரியில் பெரிய பைக்குக்கான வரி 75-லிருந்து 50 சதவிகிதமானது, டிரம்ப் அதையும் போதாது என்றார். 2020 செப்டம்பரில் ஆலையை மூடிவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த மாதமே ஹீரோ கம்பெனியோடு கைகோத்து விற்பனையை அவர்களிடம் விட்டார்கள். 2025 பட்ஜெட்டில் 1,600 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குக்கு வரி 50-லிருந்து 30 ஆக இறங்கியது.

"புது வண்டி வெல எறங்குனா, பழசும் எறங்கும். கொஞ்சம் பொறுங்க மாப்ளே" என்றேன். வியாபார புத்தி. அவரும் ஓனரிடம் ஆயுத பூஜை வரை டைம் கேட்டார்.

ஆகஸ்ட் வந்தது. வரி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் கூடுதலாக 25 சதவிகிதம் போட்டது, 27-லிருந்து இன்னொரு 25. அவர்கள் பைக்குக்கு நாம் குறைத்த அதே வருஷம், நம் ஷூவுக்கு அவர்கள் 50 ஏற்றினார்கள். மாப்பிள்ளை டைப் அடித்து வைத்த இன்வாய்ஸ் மேஜையிலேயே இருந்தது. பெட்டி கோடவுனில் இருந்தது. வாங்குகிறவன் 'ஹோல்டு' என்று ஒரு வரியில் மெயில் போட்டிருந்தான். கம்பெனியில் முதலில் நின்றது ஞாயிறு ஓவர்டைம். செப்டம்பர் 22-ல் 350 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குக்கு ஜி.எஸ்.டி. 40 ஆனதும் சேர்ந்துகொண்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையே ஓனருக்குப் போன் பண்ணினார். "இப்ப வேணாம் சார். வேற ஆளுக்குக் குடுத்துடுங்க." ஓனர் பெருந்தன்மையாக, பரவாயில்லை என்றாராம். பதினோரு லட்சம் பாப்பா பேரில் டெபாசிட் ஆயிற்று. தங்கச்சி ஜெயித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவளிடமிருந்து போன். "அண்ணா, இவரு ஒரு வாரமா சரியா பேசல. ஞாயித்துக்கெழம ஆனா மொட்ட மாடில போய் ஹைவேயப் பாத்துக்கினு நிக்கிறாரு." கொஞ்ச நேரம் மௌனம். "பெங்களூர்ல அந்த வண்டிய நாள் வாடகைக்குத் தராங்களாமே?"

"யார் சொன்னா?"

"நானே விசாரிச்சேன். நீ சொன்ன ஒரு மாசத் தவணைக்கு ரெண்டு நாள் ஓட்டலாம். ஒரு தடவ ஓட்டிட்டு வந்துட்டா தீந்துது இல்ல?"

பி.காம். படித்தது நான். கணக்குப் போட்டது அவள்! டெபாசிட் எவ்வளவு, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்பதைக்கூடக் கேட்டு வைத்திருந்தாள். ஒரே ஒரு கண்டிஷன்: பின்னால் அந்த சோபா சீட்டில் அவள்தான் உட்காருவாள்.

இப்போது சண்டை வேறு. மாப்பிள்ளைக்குத் தனுஷ்கோடி. சாலை முடிகிற இடம் வரை போக வேண்டுமாம். தங்கச்சிக்கு ஏலகிரி போதும், சாயந்திரம் பாப்பா ஸ்கூல் விட்டு வருவதற்குள் திரும்பிவிடலாம் என்கிறாள். ஏலகிரிக்கு பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் புலவர் அல்லது வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். நானூறு கிலோவை ஃபர்ஸ்ட் கியரில் அதில் திருப்ப வேண்டும். தனுஷ்கோடிக்கே போகச் சொல்லுங்கள் என்று இருவருக்கும் சொல்லியிருக்கிறேன். ரோடு நேராக இருக்கும்.